ஊட்டுக்கு ஒருத்தர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கோபம் இன்னும் அடங்கவில்லை. அடங்கிய பிறகு எழுதினால் நன்றாக வரும் என்று என் மகள் சொல்கிறாள். அடங்கிய பிறகு நான் எதற்கு எழுத வேண்டும்? அப்போது எனக்கு வேறு வேலை இருக்கும்.

நான் பயிற்சி கொடுப்பவள். சேலத்தில் குடியிருக்கிறேன். ஓட்டல், ஆஸ்பத்திரி, ஜவுளிக்கடை என்று எங்கே கூப்பிட்டாலும் போவேன். அங்கே வேலை செய்பவர்களுக்கு வருகிறவர்களிடம் எப்படிப் பேசுவது, அறையை எப்படி வைத்துக்கொள்வது, கோபப்படும் ஆளை எப்படிச் சமாளிப்பது என்றெல்லாம் சொல்லித் தருவேன். கோபத்தைப் பற்றிப் பாடம் எடுக்க உனக்கு என்ன யோக்கியதை என்று என் கணவர் கேட்பார். கேட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார்.

வகுப்பு எடுப்பது இந்தத் தொழிலில் பாதிகூட இல்லை. கூப்பிட்ட நிறுவனத்தோடு முன்னால் உட்கார்ந்து பேசுகிறோமே, அதுதான் வேலை. எங்கே போனாலும் மூன்று கேள்வி கேட்பேன். யார் வரப்போகிறார்கள்? முடிந்த பிறகு அவர்களுக்கு என்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும்? தெரிந்துவிட்டது என்று யார் முடிவு செய்வது? இந்த மூன்றுக்கும் நேரான பதில் வந்தால்தான் பாடம் எழுத உட்காருவேன். அன்றைக்கும் கேட்டேன். பதிலும் வந்தது. அதனால்தான் வயிறு எரிகிறது.

என்னைக் கூப்பிட்டவள் என் சிநேகிதி. ஏற்காட்டில் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தோம். எங்கள் அத்தாவுக்கு ஏற்காடு கடைத்தெருவில் மளிகைக் கடை இருந்தது, இப்போது என் தம்பி நடத்துகிறான். அவளுடைய அப்பா ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டர். காலையில் ஆட்களைக் கூப்பிட்டுக் கணக்கு எடுக்கிறவர். நோன்புப் பெருநாளைக்கு எங்கள் வீட்டில் சாப்பிடாமல் அவள் இருந்ததில்லை. பெரிய படிப்பெல்லாம் படித்து, பல ஊர்களில் வேலை பார்த்து, கடைசியில் ஒரு ஓட்டல் கம்பெனியில் ஆட்களை வேலைக்கு எடுக்கும் மேனேஜராகத் திரும்பி வந்தாள். கம்பெனி, கிளியூரைத் தாண்டி ஒரு சரிவில் பழைய எஸ்டேட் பங்களா ஒன்றை வாங்கி ரிசார்ட் கட்டிக்கொண்டிருந்தது.

"ஏய், நம்ம ஊருக்கு நீயே வந்து செஞ்சு குடுடீ. வெளியூர்லருந்து யாரையோ கூட்டிட்டு வந்தா நம்ம சனம் வாயே திறக்காது" என்று போனில் சொன்னாள். எனக்கு மனசு குளிர்ந்துபோய்விட்டது. மறுநாளே பஸ் ஏறிவிட்டேன்.

விஷயம் இதுதான். ரிசார்ட்டுக்கு லாரி போய்வர வழி இல்லை. பக்கத்தில் இருக்கும் சின்ன ஊரின் காபிக் களத்தை ஒட்டித்தான் வழி எடுக்க முடியும். களம் ஊருக்குப் பொது. கொட்டை காயப்போடுவதிலிருந்து கல்யாணச் சமையல் வரை எல்லாம் அங்கேதான் நடக்கும். அந்த ஓரத்தை விட்டுக்கொடுத்தால் ஊட்டுக்கு ஒருத்தருக்கு ரிசார்ட்டில் நிரந்தர வேலை என்று கம்பெனி சொன்னது. வேலைக்கு முன்னால் பயிற்சி. அந்தப் பயிற்சியை வடிவமைத்துக் கொடுப்பது நான்.

கட்டி முடியாத வரவேற்பறையில் சிமெண்ட் மூட்டைகளின் மேல் உட்கார்ந்துதான் நாங்கள் பேசினோம். என் மூன்று கேள்விகளையும் கேட்டேன். யார் வருவது? "ஊர்ப் பொம்பளைங்க, ஊட்டுக்கு ஒருத்தர்." என்ன தெரிய வேண்டும்? "அறை வேலை, சாப்பாடு பரிமாறுறது, வர்றவங்களை வரவேற்கிறது." தெரிந்துவிட்டது என்று யார் முடிவு செய்வது?

"யாரு? நீயும் நானுந்தான்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

"இதையெல்லாம் ஒரு மெயில்ல போட்டுரு. நான் வழக்கமா எழுத்துல வாங்கிக்குவேன்" என்றேன்.

அவளுடைய முகம் சுண்டிவிட்டது. "நமக்குள்ள எதுக்குடீ எழுத்து? உங்க அத்தா எங்க அப்பாகிட்ட எழுதி வாங்கிட்டா சாமான் குடுத்தாரு?"

அத்தாவை இழுத்த பிறகு நான் என்ன பேசுவேன்? விட்டுவிட்டேன்.

ஊர்க் கூட்டம் களத்தில் நடந்தது. அவள் ஒரு ஓரமாக நின்றுகொண்டு, "நீ பேசு, நீ சொன்னா நம்புவாங்க" என்று என் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். நான் பேசினேன். ஊட்டுக்கு ஒருத்தருக்கு வேலை, பயிற்சிக்கு ஒழுங்காக வந்தால் போதும், கற்றுக்கொடுப்பது என் பொறுப்பு என்றேன். யாரோ ஒரு கிழவர், "இது கடைவீதி பாய் ஊட்டுப் புள்ளையல்ல? அப்பறம் என்னத்துக்கு ரோசனை?" என்றார். அவ்வளவுதான், வழிக்கான காகிதத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள், கூட்டம் முடிந்துவிட்டது. எனக்குப் பெருமையாக இருந்தது. அடுத்த வாரமே லாரிகள் களத்தோரமாக ஓட ஆரம்பித்தன.

பயிற்சிக்கு வந்தவர்கள் என்னை அக்கா என்று கூப்பிட்டார்கள். அவளை மேடம் என்றார்கள். நானும் அவளும் ஒரே வயது, ஒரே பள்ளிக்கூடம். ஆனாலும் அவள் மேடம், நான் அக்கா. அது எனக்குப் பிடித்திருந்தது, மறைப்பானேன்?

காபிப் பழம் பறிக்கும் பருவம் அது. காலையில் பனி விலகவே நேரம் ஆகும். எல்லோரும் ஸ்வெட்டர் போட்டு, தலையைத் துண்டால் மூடிக்கொண்டுதான் வருவார்கள். கண்ணும் மூக்கும்தான் தெரியும், வகுப்பிலும் துண்டை எடுக்க மாட்டார்கள். ஊரைச் சேர்ந்த மேஸ்திரி ஒருவர் வாசலில் நின்று எஸ்டேட்டில் கூப்பிடுவதுபோல வீட்டுப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். "பலாமரத்து ஊடு!" "வந்தாச்சுங்க." "கெணத்துமேட்டு ஊடு!" "வந்தாச்சுங்க." கேட்க அழகாக இருந்ததால் நானும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தேன்.

முதல் வாரம் முடிவதற்குள் விஷயம் உடைந்தது. முந்தின நாள் கட்டிலில் விரிப்பை மூலை மடித்துப் போடக் கற்றுக் கொடுத்திருந்தேன். பலாமரத்து வீட்டுக்காரி அதைப் பிரமாதமாகச் செய்திருந்தாள். மறுநாள், "பலாமரத்து ஊடு, எழுந்து வந்து எல்லாருக்கும் செஞ்சு காட்டும்மா" என்றேன். எழுந்து வந்தாள். விரிப்பைக் கையில் வாங்கினாள். அப்படியே நின்றாள்.

"நேத்து அவ்ளோ நல்லாப் போட்டியே?"

"அது எங்க ஓரகத்திங்க அக்கா."

"என்னது?"

"நேத்து வந்தது எங்க ஊட்டுப் பெரியவிங்க. நான் சின்னவ. நேத்து நான் பழம் பறிக்கப் போயிட்டனுங்க."

வகுப்பே சிரித்தது. ஒவ்வொருவராக விசாரித்தேன். எல்லா வீட்டிலும் இதே கதை. அக்கா ஒரு நாள், தங்கச்சி ஒரு நாள். மாமியார் ஒரு நாள், மருமகள் ஒரு நாள். நான் ஒரு வகுப்பு எடுப்பதாக நினைத்துக்கொண்டு இரண்டு வகுப்புக்குப் பாதிப் பாதி பாடம் எடுத்திருக்கிறேன். ஐயோ, என் பாடத் திட்டமே!

அவர்கள் ஏமாற்றவில்லை. அவர்கள் வேலை செய்யும் முறையே அதுதான். எஸ்டேட்டில் இடம் ஆளுக்கு இல்லை, வீட்டுக்கு. இன்றைக்கு யாருக்குக் கை ஓய்கிறதோ அவர் வருவார். ரைட்டர் வீட்டுப் பெயரைக் கூப்பிட்டால் அந்த வீட்டிலிருந்து ஒரு குரல் வர வேண்டும், அவ்வளவுதான். பயிற்சிக்கும் அப்படியே வந்திருக்கிறார்கள். அது தப்பாக இருக்கும் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. கடைவீதியில் வளர்ந்த எனக்கு இது தெரியாது. ரைட்டர் மகளுக்கு எப்படித் தெரியாமல் இருக்கும்? இந்தக் கேள்வி அன்றைக்கே எனக்கு வந்திருக்கலாம். வரவில்லை. நம்புகிற ஆளிடம் யாரும் குறுக்கு விசாரணை பண்ணுவதில்லை.

அன்று சாயங்காலமே பலாமரத்து வீட்டுப் பெரியவள் என்னைத் தேடி வந்துவிட்டாள். நாற்பது வயது இருக்கும், பேச்சில் வெட்டு ஒன்று துண்டு ரெண்டு.

"ஏனுங்க அக்கா, ஒரே ஆளுதான் வரோணும்னா இப்பவே சொல்லிப்போடுங்க. நாளையிலிருந்து சின்னவளையே அனுப்பிப்போடுறேன். நான் பழத்துக்குப் போய்க்கிறேன். இந்த வேலை அவளுக்குத்தான் வேணும்."

ஏன் என்று கேட்டேன். சின்னவளின் புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். ஒரு சம்பளம் போதவில்லை, நீயும் வந்துவிடு என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். அவர்களுக்கு நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. அங்கே இரண்டு பேரும் ஷிப்டுக்குப் போனால் குழந்தையைப் பார்க்க ஆள் இல்லை, அதனால் இங்கே பெரியவளிடம் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். ரிசார்ட்டில் வேலை கிடைத்துவிட்டால் போக வேண்டாம். புருஷனும் அதற்கு ஒப்புக்கொண்டிருக்கிறான்.

"அந்தக் குட்டி அவ முந்தானைய உட்டு நகராதுங்க. எங்கிட்ட நல்லாத்தான் இருக்கும், இல்லீங்கல. இருந்தாலும் ஆத்தாளாட்ட வருமுங்களா?" என்றாள்.

நான் அங்கேயே நின்று சிநேகிதிக்கு வாட்ஸப்பில் எழுதினேன். ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேர் மாற்றி மாற்றி வருகிறார்கள், இது சரியா, அல்லது ஒரே ஆள்தான் வர வேண்டுமா, இப்போதே சொன்னால் மாற்றிக்கொள்ளலாம் என்று தெளிவாகவே எழுதினேன். அவள் பதில் எழுதவில்லை. போன் பண்ணினாள்.

"அடப் போடீ, இதுக்கா பதறுற? ஊட்டுக் கணக்குத்தான். யாரு வந்தா என்ன? கடைசியில எந்த ஆள் வேலைக்கு வர்றதுன்னு அவங்களே பேசி முடிவு பண்ணிக்கட்டும்."

"உறுதியா? உங்க சென்னை ஆபீஸ்ல ஏதாச்சும் சொல்லப்போறாங்க."

"நான் இருக்கேன்ல?"

நான் இருக்கிறேன் என்றாள். போனை வைத்துவிட்டுப் பெரியவளிடம் திரும்பிச் சொன்னேன். "ஒருத்தியே வரணும்னு இல்ல. ஊட்டுக் கணக்குத்தான். வேலைக்கு யாருன்னு கடைசியில நீங்களே முடிவு பண்ணிக்கலாம்." மறுநாள் காலை எல்லோர் முன்னாலும் இன்னொரு முறை சொன்னேன். அவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. பறிப்புக் கூலியும் போகாது, வேலையும் கிடைக்கும்.

இரவோடு இரவாகப் பாடத்தைக் கலைத்துப் போட்டு எழுதினேன். இன்றைக்கு வந்தவள் சாயங்காலம் வீட்டுக்குப் போய் நாளைக்கு வரப்போகிறவளுக்குச் சொல்லித் தர வேண்டும். மறுநாள் முதல் ஒரு மணி நேரம் புதிதாக வந்தவள் அதைச் செய்து காட்ட வேண்டும். தப்பு இருந்தால் திருத்திவிட்டு அடுத்ததுக்குப் போவோம். எத்தனையோ இடத்தில் பயிற்சி நடத்தியிருக்கிறேன், இப்படி ஒன்று எனக்கு வாய்த்ததே இல்லை. சொல்லித் தர வேண்டும் என்ற பயத்தில் ஒவ்வொருத்தியும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள்.

பலாமரத்து வீட்டில் கட்டில் கிடையாது. காபி மூட்டைகளை வரிசையாகப் போட்டு, மேலே பழைய புடவையை விரித்து மூலை மடித்துப் பழகியிருக்கிறார்கள். மாமனார் நடமாட முடியாமல் படுத்திருக்கிறவர். அவரை ரிசார்ட்டுக்கு வந்த விருந்தாளி ஆக்கி, "ஐயா, வணக்கமுங்க. இன்னொரு தலவாணி வேணுங்களா?" என்று இரண்டு மருமகள்களும் மாற்றி மாற்றிக் கேட்க, அவர், "என்றா இது, திடீர்னு இத்தன மருவாதி? எனக்குக் கெடு வந்திருச்சா?" என்று மிரண்டுபோனாராம். சின்னவள் இதை நடித்துக் காட்டினாள். நான் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவளுடைய பெண் குழந்தை வாசலில் நின்றுகொண்டு உள்ளே போகிற எல்லோருக்கும் கை கூப்பியது. மேஸ்திரிக்கும் கூப்பியது, நாய்க்கும் கூப்பியது.

சிநேகிதி ஒரு நாள் வந்து பார்த்தாள். "சூப்பர்டீ" என்று கட்டிப்பிடித்துக்கொண்டாள். போட்டோ எடுத்தாள். சின்னவளின் தோளில் கை போட்டும் ஒன்று எடுத்தாள். அந்தக் கையை இப்போது நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பயிற்சி முடிந்தது. பலாமரத்து வீட்டில் சின்னவள்தான் வேலைக்கு என்று எப்போதோ முடிவாகியிருந்தது. மற்ற வீடுகளிலும் பேசி முடித்திருந்தார்கள். நான் எல்லோரையும் சோதித்துப் பார்த்தேன். மாற்றி மாற்றி வந்த இரண்டு பேரில் யாரைக் கூப்பிட்டாலும் வேலை தெரிந்திருந்தது. மனதுக்கு நிறைவாக இருந்தது.

பிறகு சென்னையிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். வரவேற்பறையில் சிமெண்ட் மூட்டை போய் சோபா வந்திருந்தது. அவர், சிநேகிதி, நான், மூன்று பேர்தான். அவர் நல்ல மரியாதையாகவே பேசினார்.

"ஒரே நபர் எல்லா நாளும் முழுசா வந்திருந்தாத்தான் வேலைக்குத் தகுதி. அப்படி ஒருத்தர்கூட இல்லையே மேடம்" என்றார்.

நான் சிரித்தேன். அவருக்கு விஷயம் தெரியவில்லை என்று நினைத்தேன். வீட்டுக் கணக்கு என்பதை விளக்கினேன், பாடத்தை மாற்றியதை விளக்கினேன், யாரை வேண்டுமானாலும் இப்போதே கூப்பிட்டுச் சோதித்துக்கொள்ளலாம் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "ஆனா இந்த நிபந்தனை முதல் நாள்லேயே சொன்னதாச்சே. மேடத்துக்குத் தெரியும்" என்று அவளைக் காட்டினார்.

நான் அவளைப் பார்த்தேன். அவள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிடுவாள், இப்போது சொல்லிவிடுவாள் என்று பார்த்தேன்.

"நான் ட்ரெயினருக்குச் சொல்லியிருந்தேன் சார். அவங்க கவனிக்கல போல" என்றாள்.

ட்ரெயினர். என் பெயரைக்கூடச் சொல்லவில்லை.

பச்சைப் பொய். என் முகத்துக்கு நேராக. கத்தினேன். நன்றாகவே கத்தினேன். நீ போனில் என்ன சொன்னாய், நான் இருக்கிறேன் என்றாயா இல்லையா என்றேன். அதிகாரி நெளிந்தார். "எழுத்துல ஏதாவது இருக்கா மேடம்?" என்று கேட்டார். என் போனை எடுத்துக் காட்டினேன். நான் எழுதியது இருந்தது. அவளுடைய பதில் ஒரு வரிகூட இல்லை. வாரக்கணக்கில் அவளோடு பேசியிருக்கிறேன், ஒன்றுக்குமே அவள் எழுதிப் பதில் போட்டதில்லை. எல்லாவற்றுக்கும் போன். அன்புக்காரி, குரலைக் கேட்க ஆசைப்படுகிறாள் என்று நினைத்தேன். அடிப்பாவி!

சரி, வீட்டுக்கு ஒரே ஆளை வைத்து முழுப் பயிற்சியையும் முதலிலிருந்து சும்மாவே நடத்தித் தருகிறேன் என்று அதிகாரியிடம் கெஞ்சினேன். ஆமாம், கெஞ்சினேன். அவர் எழுந்துகொண்டார். "இடமெல்லாம் நிரப்பியாச்சு மேடம்" என்றார்.

வெளியே வண்டி நிறுத்தும் இடத்தில் அவளைப் பிடித்தேன். பனி இறங்கிக்கொண்டிருந்தது. எங்களைத் தவிர யாரும் இல்லை.

"ஏன்டீ?" என்றேன்.

அவள் சுற்றிலும் ஒரு முறை பார்த்தாள். பிறகு படபடவென்று கொட்டினாள். "கம்பெனிக்கு வேற மலையில ரிசார்ட் இருக்கு. அங்கருந்து ஆளுங்களைக் கொண்டு வர்றதுன்னு முன்னாடியே முடிவாயிருச்சுடீ. வழிக்காகத்தான் வேலைன்னு சொன்னது. இந்த பேட்ச் தானா விழுந்துட்டா யாருக்கும் சங்கடமில்லன்னு மேல சொன்னாங்க. நான் ஒண்ணும் செய்யல. அவங்க எப்படியும் மாத்தி மாத்தித்தான் வருவாங்கன்னு எனக்குத் தெரியும். சும்மா இருந்தேன், அவ்வளவுதான்."

"சும்மா இருந்தியா? நான் கேட்டேன்ல? அந்தப் பொம்பளை கேட்டாளே, ஒருத்தியே வரணுமான்னு? சொல்லியிருந்தா அந்தச் சின்னவ ஒருத்திக்காவது கிடைச்சிருக்குமே!"

"அதனாலதான் சொல்லல" என்றாள்.

கேட்டுக்கொண்டீர்களா? அதனாலதான் சொல்லல.

"பழிய எம்மேல எதுக்குப் போட்ட?"

"உனக்கு என்னடீ? நீ வெளியாளு. நாளைக்கு வேற ஊருக்குப் போய் வேற கிளாஸ் எடுப்ப. நான் இங்கயே இருந்து வேலை பார்க்கணும்."

வெளியாள். நான். எங்கள் அத்தாவின் கடையில் அரிசி போகாத வீடு அந்தச் சரிவில் இல்லை. அத்தா மவுத்தானபோது அந்த ஊரிலிருந்து ஆண்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வந்து அடக்கம் முடியும் வரை நின்றார்கள். என் தம்பி இன்றைக்கும் அந்தக் கடைவீதியில்தான் உட்கார்ந்திருக்கிறான். அதனால்தானே என்னைக் கூப்பிட்டாய்? நம்ம சனம் உனக்கு வாய் திறக்கும் என்றாயே, அப்போது நான் உள்ளாள், இப்போது வெளியாளா? இதையெல்லாம் அவளிடம் கேட்டேனா, மனதுக்குள் கேட்டேனா என்று இப்போது ஞாபகம் இல்லை. அவள் காரில் ஏறிவிட்டாள். கண்ணாடியை இறக்கி, "வீட்டுக்குப் போனதும் போன் பண்ணு" என்றாள். சத்தியமாகச் சொன்னாள். நான் அவள் எண்ணைப் போனிலிருந்து அழித்துவிட்டேன்.

ஊருக்கு யார் சொல்வது? அவள் போக மாட்டாள். நான்தான் போனேன். களத்தில் பழம் காய்ந்துகொண்டிருந்தது, அதன் ஓரமாக லாரி போனபோது எல்லாவற்றின் மேலும் புழுதி படிந்தது. கூடியிருந்தவர்களிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவள் என்ன சொன்னாள், நான் என்ன கேட்டேன், கடைசியில் என்ன ஆனது, ஒன்றையும் விடவில்லை. கெணத்துமேட்டு வீட்டுக்காரி என்னைப் பேசாத பேச்சில்லை. வழியை அடைப்போம் என்றார்கள் சிலர். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாயிற்றே என்றார்கள் சிலர். பலாமரத்து வீட்டுப் பெரியவள் குனிந்து பழத்தைப் புரட்டிப் போட ஆரம்பித்தாள். சின்னவள் வீட்டுக்குப் போய் எனக்குக் காபி எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தாள்.

பெரியவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சேலத்தில் எனக்குத் தெரிந்த ஓட்டல்களில் சொல்கிறேன் என்றேன். "தினமும் மலையெறங்கிப் போயிட்டு ராத்திரி வந்து சேர பஸ்சு ஏதுங்க?" என்றாள். அது எனக்கே தெரிந்ததுதான். வாய் சும்மா இருக்கவில்லை, சொல்லிவிட்டேன்.

ரம்ஜானுக்கு முந்தின வாரம் தம்பி வீட்டுக்கு வந்துவிட்டுக் கீழே இறங்கிக்கொண்டிருந்தேன். காலை பஸ். கிளியூர்ப் பிரிவில் சின்னவள் ஏறினாள். ஒரு பெரிய பை, ஒரு வாளி, வாளிக்குள் ஒரு தலையணை. குழந்தை இல்லை. என்னைப் பார்த்துவிட்டாள். வேறு இடமும் இல்லை, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"திருப்பூருக்கா?"

"ஆமாங்க."

"குட்டி?"

"தூங்கையிலயே வந்துட்டனுங்க."

வளைவு வளைவாகப் பஸ் இறங்கியது. அவள் வாளியைக் காலுக்கு நடுவில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஏதாவது திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் போலிருந்தது. நானே ஆரம்பித்தேன். சிநேகிதி எவ்வளவு பெரிய துரோகி, என்னை எப்படி நம்ப வைத்துக் கழுத்தை அறுத்தாள், நான் எழுத்தில் கேட்டபோது எப்படி அத்தாவை இழுத்தாள், நான் அதிகாரியிடம் எப்படிச் சண்டை போட்டேன் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். ஊரில் சொன்னதுதான். இருந்தாலும் இவளிடம் தனியாகச் சொல்ல வேண்டும் போலிருந்தது. இவள் ஒருத்தி என்னை நம்பினால் போதும் போலிருந்தது.

அவள் முழுவதையும் கேட்டாள். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள். அடிவாரம் வந்து, செக்போஸ்ட் தாண்டி, வெயில் மூஞ்சியில் அடித்த பிறகுதான் பேசினாள்.

"அவிங்க உங்களுக்குத்தான சொன்னாங்க. எங்களுக்குச் சொன்னது நீங்கதானுங்க."

குரலில் கோபம் இல்லை. குத்திக் காட்டவும் இல்லை. உள்ளதைச் சொன்னாள்.

புது பஸ் ஸ்டாண்டில் திருப்பூர் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாளியைக் கையில் எடுத்தாள். படியில் இறங்கும்போது திரும்பி, நான் சொல்லிக் கொடுத்த மாதிரியே லேசாகத் தலையைத் தாழ்த்தினாள்.

"போய்ட்டு வர்றனுங்க, மேடம்" என்றாள்.